எந்த ஊர் ஆறு மணி?

1

இந்த ஞாயிற்றுக்கிழமை விடிய எங்கள் வீட்டில் இருந்த மணிக்கூடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கோபம்போல நின்றன. குசினி அடுப்பு ஒரு நேரம் சொன்னது, சுவர் இன்னொரு நேரம் சொன்னது. ரீவிக்குக் கீழே இருக்கிற வீடியோ டெக் மட்டும் வழக்கம்போல பன்னிரண்டு மணியை மினுக்கிக்கொண்டிருந்தது. வாங்கின நாள் தொடக்கம் அதற்குப் பன்னிரண்டுதான். அதுவே நிம்மதியான சீவன்.

ரொறன்ரோவில் வருசத்துக்கு இரண்டுதரம் அரசாங்கம் சொல்லும், சனம் எழும்பி மணிக்கூட்டைத் திருகும். சித்திரை பிறக்குமுன் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஐப்பசி முடிய ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. யாழ்ப்பாணக் கடலில் கிடக்கிற எங்கள் நயினாதீவில் யாராவது இப்படி ஒரு கதையோடு வந்திருந்தால், "முதல்லை லோஞ்ச்காரனிட்டைக் கேட்டனியோ?" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். எங்களுக்கு நேரம் என்பது, தீவுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றுகிற மோட்டார்ப் படகான லோஞ்ச் வெளிக்கிடுகிற நேரம். முதல் லோஞ்சுக்கு முன்னம் விடியற்காலை, கடைசி லோஞ்சுக்குப் பிறகு இரவு, இரண்டுக்கும் நடுவில் உள்ளதெல்லாம் பகல்.

நான் கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டைத் திருக, என் மகள் கீழே நின்று பார்த்தாள். கைக்குழந்தையாக இங்கே வந்தவள், இப்போது பத்து வயது.

"அம்மா, நயினாதீவுக்கு ஆர் போன் பண்ணிச் சொல்லுறது?"

"என்னத்தை?"

"குளொக்கை மாத்தச் சொல்லி."

"அங்கை உது மாத்திறேல்லை பிள்ளை."

"ஏன், அவைக்கு குளொக் இல்லையா?"

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்தபடியே, "இருக்குது பிள்ளை. அதிலை ஒரு அரைமணி காணாமல் போய், கொம்மாதான் தேடிப் பிடிச்சவ" என்றார்.

பகிடியாம். ஆனால் அந்தப் பகிடிக்குள் என் பிழைப்பு இருக்கிறது. என் தம்பி குகனின் கலியாணப் பேச்சு ஒன்று மணிக்கூட்டுக்குள் மாட்டுப்பட்ட கதையும் இருக்கிறது. கதிரையால் இறங்கின கையோடு எழுதத் தொடங்கிவிட்டேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இப்போது அங்கே என்ன மணி என்று நித்திரையிலும் சொல்லுவேன். யுத்தத்துக்குள்ளால் போகிற தபாலில் இது எந்த மாதம் உங்கள் கையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதேயுங்கோ.

2

நேரத்தோடு எங்களுக்கு வந்த கொழுவல் விமான நிலையத்திலேயே தொடங்கினது.

எண்பத்தைந்தில் நாங்கள் இங்கே இறங்கினது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். மற்றவர்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கைமணிக்கூட்டை மாற்றிவிட்டார்கள். இவர் மாற்றமாட்டேன் என்றார். "நாடுதான் மாறினது. நேரமாவது கையிலை இருக்கட்டும்." சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு குடிவரவு அதிகாரி ஒரு கடதாசியை நீட்டி, கையெழுத்துப் போட்டு இன்றைய திகதியும் எழுதச் சொன்னார். இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதில் திகதி காட்டுகிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. ஊரில் அப்போது புதன்கிழமை. இவர் புதன்கிழமைத் திகதியை வடிவாக எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி கடதாசியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கடதாசியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளரிடம் என்னவோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெருநிலத்து ஆள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

"நீங்கள் நாளைக்கோ வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

இவருக்கு விளங்கவில்லை. "இல்லை, இப்பதான் வந்தனாங்கள்."

"அப்ப ஏன் நாளைக்கு எண்டு எழுதியிருக்கிறியள்? எந்த ஊர் நீங்கள்?"

"நயினாதீவு."

"அதுதானே பாத்தன். தீவார் எப்பவும் ஒரு லோஞ்ச் முந்தித்தான் வருவினம்."

உலகம் சுற்றி வந்தும், பெருநிலத்தார் வைத்த "தீவார்" என்கிற பகிடிப்பேர் எங்களுக்கு முன்னமே வந்து கதிரை போட்டு இருந்திருக்கிறது. நான் சும்மா விடவில்லை. "ஓம் அண்ணை, நீங்கள் பஸ்ஸுக்குப் பிந்தி ஓடுற ஆக்கள், நாங்கள் லோஞ்சுக்கு முந்தி நிக்கிற ஆக்கள்" என்றேன். அவர் சிரித்தார். திகதியை வெட்டித் திருத்தினோம். கனடாவில் எங்கள் முதல் எழுத்தே வெட்டுக்கோடுதான்.

3

நான் கொம்பியூட்டர் படித்த கதையைக் கேட்டால் படித்தவர்கள் அழுவார்கள். முதல் இரண்டு வருசமும் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தேன். ஒருநாள் எங்கள் மாடிக்கட்டடத்துக் குப்பை அறையில் யாரோ எறிந்துவிட்டுப் போன பெட்டி ஒன்றை இவர் ரீவி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். செருகினால் படம் வரவில்லை. நான் எதைத் தட்டினாலும் "பிழை, பிழை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. மாமியார்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை. ஒரு பெட்டி சொல்ல விடுவேனா? நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். பாதி விளங்கினது. மீதியைப் பெட்டியோடு சண்டை பிடித்துப் படித்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்ததோ என்னவோ, எனக்கு அடிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்தப் பழக்கத்தை நம்பி, பொதி அனுப்புகிற ஒரு சின்னக் கொம்பனி எனக்கு வேலை தந்தது. முதலாளி மொறிஸ், நான், ஃபிராங் என்கிற ஐம்பது வயதுக்காரர். ஊருக்கு ஊர் பொதி போகும். எந்தப் பொதி எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு கிளையும் தன் நேரத்தில் எழுதி அனுப்பும். எங்கள் மெஷின் எல்லாவற்றையும் ரொறன்ரோ நேரத்துக்கு மாற்றவேண்டும். அதற்காக ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரு எண்: இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்திலிருந்து அந்த ஊர் எத்தனை மணித்தியாலம் தள்ளி நிற்கிறது என்று.

எனக்கு முன்னம் இருந்த கெட்டிக்காரர் அந்த எண்ணை முழு மணித்தியாலமாக மட்டும் வைத்திருந்தார். ஐந்து, எட்டு, ஒன்பது. உலகத்தில் அரை மணி என்று ஒன்று இருக்கும் என்று அந்தப் பிறவிக்குத் தோன்றவே இல்லை. கொழும்புக்கு ஐந்தரை என்று அடித்தேன். மெஷின் அரையை விழுங்கிவிட்டு ஐந்து என்று ஏப்பம் விட்டது.

மொறிஸிடம் போனேன். அவர் சொன்னதை எங்கள் பாஷையிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் ருசிக்காது.

"அரைமணிதானே. ஆர் பாக்கப் போகினம்?"

அப்போதுதான் ஃபிராங் கதிரையைத் திருப்பினார். "எங்கட ஊரும் அரைதான். மூண்டரை."

அவர் நியூஃபவுண்ட்லாந்து என்கிற தீவில் பிறந்தவர். தகப்பன் கடலுக்குப் போனவர். அந்தத் தீவாரைப் பற்றிப் பெருநிலத்துக் கனடாக்காரர் சொல்லாத பகிடி இல்லை. தீவார் மூளையை வள்ளத்தில் மறந்துவிட்டு வருவார்களாம், மணிக்கூட்டில் பாதிதான் தெரியுமாம். கேட்கக் கேட்க எனக்கு, நயினாதீவு லோஞ்ச் வெளிக்கிடுகிற குறிகட்டுவான் துறைக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருக்கிறமாதிரி இருந்தது. ஃபிராங் எனக்குக் கை கொடுத்தார். இரண்டு சமுத்திரம் தள்ளிப் பிறந்த இரண்டு தீவார், அரைமணிக்காகக் கூட்டுச் சேர்ந்தோம்.

"மொறிஸ், எங்கட தீவிலை அரைமணிக்குள்ளை வலை இழுத்து, மீன் வெட்டி, பக்கத்து வீட்டோடை சண்டையும் பிடிச்சு முடிச்சிடுவம்" என்றார் ஃபிராங்.

"சமாதானம் ஆக மற்ற அரைமணி வேணும்" என்றேன் நான்.

மொறிஸ் கையை உயர்த்தினார். அந்த எண்ணை மணித்தியாலத்தில் எழுதாமல் நிமிசத்தில் எழுதினேன். முந்நூற்று முப்பது. அரை, கால், முக்கால் எல்லாம் மரியாதையோடு உள்ளே வந்து இருந்தன.

அதோடு முடியவில்லை. அடுத்த வருசம் புது மெஷின் வந்தது. அதற்கு மேற்கே போனால் கூட்டல், கிழக்கே வந்தால் கழித்தல். ஏன் என்று கேட்டால், செய்தவர்கள் மேற்கே இருந்தவர்கள், தங்களுக்குக் கழித்தல் போட அவர்களுக்கு மனம் வந்திருக்காது. ரொறன்ரோவுக்கு ஐந்து என்று அது ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது. நான் கொழும்புக்கு ஐந்தரை என்று கூட்டலாகவே அடித்துவிட்டேன். கிழக்கில் கிடந்த இலங்கை மேற்கே பறந்து வந்து ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் குந்திவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் அரைமணி.

திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இங்கே பத்து மணி, கொழும்பில் ஒன்பதரை. குறிகட்டுவானில் லோஞ்சுக்குக் காத்து நிற்கிற நேரம்கூட இல்லை. பிழை என்று தெரியும், திருத்த ஒரு தட்டுப் போதும் என்றும் தெரியும். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, குடித்து முடித்துத்தான் திருத்தினேன். அதுவரைக்கும் ஊர் பக்கத்து வீட்டில் இருந்தது.

4

இனித் தம்பியின் கதை. எண்பதுகளின் கடைசி, ஒரு தை மாதம்.

குகன் எங்களோடு இருந்தான். விடியச் சாப்பாடு விற்கிற ஒரு கடையில் உருளைக்கிழங்கு சீவுகிற வேலை. நல்ல பிள்ளை. ஆனால் அவனைப் பேசவைக்கிறது கல்லில் நார் உரிக்கிற வேலை. மூன்று இடத்தில் பேசி மூன்றும் சரிவரவில்லை, என்னை மச்சாள் என்று கூப்பிட ஒருத்தி வரவில்லை. ஒரு இடத்தில் சாதகம், மற்ற இரண்டிலும் "பொடியன் ஒண்டும் கதைக்கிறானில்லையாம்". வெளியில் சிரித்துக்கொண்டுதான் திரிந்தான். ஆனால் கலியாணக் கதை எடுத்தால் எழும்பிப்போய்க் கோப்பை கழுவுவான். எங்கள் வீட்டில் அந்த வருசம் கோப்பைகள் பளபள என்று இருந்தன.

நான்காவதாக வந்தது வசந்தி. நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிற பிள்ளை. அவளுடைய தாய்மாமன் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலையாய் இருந்தார். கதை எல்லாம் அவர் வழியாகத்தான். சாதகம் பொருந்தினது, படம் போனது, படம் வந்தது. குகன் அந்தப் படத்தைப் பார்த்த அன்று கோப்பை கழுவவில்லை. ஆனால் பிள்ளை ஒரு நிபந்தனை வைத்தாள்.

"படத்துக்குச் சிரிக்க ஆருக்கும் ஏலும். ஒருக்கால் கதைச்சுப் பாத்துத்தான் ஓம் எண்டு சொல்லுவன்."

தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. மாமன் சமாதானம் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணம் டவுனில் ரெலிபோன் உள்ள ஒரு கடைக்குப் பிள்ளையைத் தகப்பன் கூட்டிக்கொண்டு வருவார். ஒரே ஒரு தரம். கதை சரிவராவிட்டால், புதன்கிழமை காரைநகரிலிருந்து பெண் பார்க்க வருகிற ஆட்களுக்கு ஓம்.

மாமன் கொழும்பிலிருந்து எடுத்தார். ரெலிபோனே தேவையில்லை என்கிற குரல் அவருக்கு.

"பிள்ளை! ஞாயிற்றுக்கிழமை! காலமை ஆறு மணி! ஊருக்கும் சொல்லியாச்சு! பிசகாதையுங்கோ!"

கடை நம்பரைச் சொன்னார், டக்கென்று வைத்துவிட்டார்.

நான் விரலும் மடக்கவில்லை. ஊரில் ஞாயிறு காலை ஆறு என்றால் எங்களுக்கு சனிக்கிழமை பின்னேரம் ஏழரை. இவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"விடிய ஆறு மணிக்கு டவுனிலை ஆர் கடை திறக்கிறது?"

"தீவார் கோழிக்கு முன்னம் எழும்புற சனம். முதல் நாளே வந்து சொந்தக்காரர் வீட்டிலை நிண்டிருப்பினம்."

"நான் சும்மா கேட்டனான்."

"இந்த வீட்டிலை நேரத்திலை சம்பளம் எடுக்கிறது ஆர்?"

இவர் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். அவருக்கு அது பதுங்குகுழி.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, கந்தோரில் எனக்கு வேறொரு தலையிடி. எங்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிற ஹலிஃபக்ஸ் கிளையிலிருந்து வருகிற கணக்கில் ஒரு பொதி விமானம் இறங்க முன்னமே வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்திருந்தது. கிளைக்கு எடுத்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, தேன்போலக் குரல்.

"அது நான்தான். நீங்கள் ரொறன்ரோவிலை இருக்கிறபடியால் உங்களுக்குச் சுகமாய் இருக்கட்டும் எண்டு நானே ஒரு மணித்தியாலத்தைக் கழிச்சு எழுதிறனான்."

"பிள்ளை, மெஷினும் கழிக்குது."

"ஐயோ. அப்ப இரண்டுதரமோ?"

"ஓம். நீ உதவி செய்தாய், மெஷினும் உதவி செய்தது, பொதி விமானத்துக்கு முன்னம் பறந்துட்டுது."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் பெரிய ஆள்போல, "நேரம் அனுப்பினால் எந்த ஊர் நேரம் எண்டும் சேர்த்து அனுப்பு" என்று புத்தி சொல்லி வைத்தேன். ஊருக்கு உபதேசம்.

5

சனிக்கிழமை ஆறு மணிக்கே குகன் வெளிக்கிடத் தொடங்கிவிட்டான். நீலச் சேட்டை அயன்பெட்டியால் மினுக்கினான். தலைக்கு எண்ணெய். முகத்துக்கு எப்பன் பவுடரும்.

இவருக்குச் சிரிப்பு. "டேய், ரெலிபோனிலை படம் தெரியாதடா."

"தெரியாட்டிலும் குரலிலை தெரியும் அத்தான்."

அப்படி ஒரு வசனம் அவன் வாயால் வரும் என்று நான் நினைக்கவில்லை. இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லடா என்றேன். இல்லை, தான் வேறு மூன்று வசனம் பாடமாக்கி வைத்திருப்பதாகச் சொன்னான். என்னவென்று சொல்லமாட்டேன் என்றுவிட்டான்.

ஏழரைக்கு நம்பரைச் சுழற்றினேன். லைன் இல்லை. திரும்பவும், திரும்பவும். கடைசியில் மணி அடித்தது. கனநேரம் அடித்தது. எடுத்தது நித்திரைக் குரல்.

"ஆரது?"

"கனடாவிலிருந்து கதைக்கிறன் அண்ணை. நயினாதீவாலை ஆரும் வந்து நிக்கினமோ?"

"பிள்ளை, இப்ப ஆறு மணி. நான் கடைக்குள்ளை படுக்கிறபடியால் எடுத்தனான்."

"வாசலிலை ஒருக்காப் பாருங்கோ அண்ணை."

கதவு திறக்கிற சத்தம். திரும்பி வந்தார்.

"ஒரு மாடு நிக்குது. நயினாதீவோ தெரியாது."

"வேறை ஒருத்தரும் இல்லையோ? வடிவாப் பாத்தனீங்களோ?"

"மாட்டை வடிவாத்தான் பாத்தனான் பிள்ளை."

வைத்தேன். பிறகு இன்னொரு தரம் எடுத்தேன். மாடும் போய்விட்டதாம்.

குகன் சேட்டைக் கழற்றினான், கொளுவியில் போட்டு அலுமாரிக்குள் தொங்கவிட்டான். சுருக்கம் விழாமல் பட்டன்கூடப் பூட்டித் தொங்கவிட்டான்.

"பரவாயில்லையக்கா. அவை மரியாதையான ஆக்கள். வேண்டாம் எண்டு வாயாலை சொல்லாமல் விட்டிருக்கினம்."

"லோஞ்ச் ஓடேல்லையோ என்னவோ."

"நாலாவதுதரமும் லோஞ்ச் ஓடேல்லையோ?"

குசினிக்குப் போனான். கழுவின கோப்பையை எல்லாம் திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது.

6

ஞாயிறு விடிய அவன் ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பி இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். மனம் சரியில்லாவிட்டால் மாப் பிழிகிறது எங்கள் பரம்பரை வைத்தியம். சொதியைக் கொதிக்க வைத்து உப்புப் போட்டு, மகள் சிணுங்கினாள் என்று அறைக்குள் போய்த் திரும்பி வந்தேன். இவர் குசினிக்குள் நின்றார். நல்ல பிள்ளைபோல அகப்பையால் துளாவிக்கொண்டு நின்றார். கரண்டியில் எடுத்து வாயில் வைத்தேன். நயினாதீவுக் கடல்.

"உப்புப் போட்டனீங்களோ?"

"ஓம். உமக்கு உதவியாய் இருக்கட்டும் எண்டு."

"நானும் போட்டனான்!"

"அதை ஆர் கண்டது? சொதியைப் பாத்தால் தெரியுமே?"

அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். ஹலிஃபக்ஸ் பிள்ளையின் தேன் குரல் காதுக்குள் கேட்டது. உங்களுக்குச் சுகமாய் இருக்கட்டும் எண்டு.

"இஞ்சாருங்கோ, அந்தக் கொழும்பு மாமா எப்பிடிப்பட்ட மனிசன்?"

"தங்கமான மனிசன். மற்றவைக்கு ஒரு கரைச்சலும் குடுக்காதவர்."

"ஐயோ, அதுதான் பிழை! எங்களுக்குக் கரைச்சல் இல்லாமல் அவரே மாத்திச் சொல்லியிருக்கிறார்! அது எங்கட ஆறு மணி! நான் திரும்ப மாத்திப்போட்டன்!"

அடுப்பு மணிக்கூட்டில் ஆறுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. எங்கள் ஆறு என்றால் அங்கே பின்னேரம் நாலரை. குறிகட்டுவான் பஸ் ஐந்து மணியளவில் வெளிக்கிடும். அதை விட்டால் கடைசி லோஞ்ச் இல்லை. எந்தத் தகப்பனும் அதுக்கு மேல் நிற்கமாட்டான்.

"தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ! ஓடுங்கோ!"

இவர் சாரத்துக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். வெளியில் கணுக்கால் அளவு பனி. குகனின் கடை இரண்டு பஸ் தரிப்புத் தூரம், ஞாயிறு அந்த நேரத்தில் பஸ் இல்லை.

நான் சுழற்றினேன். லைன் இல்லை. சுழற்றினேன். யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். மன்னிச்சிட்டன் வை என்று சொல்லிச் சுழற்றினேன். ஆறு தாண்டிவிட்டது. பிறகும் சுழற்றினேன். மணி அடித்தது.

"ஆர், மாட்டுக்காரப் பிள்ளையோ?"

"ஓம் அண்ணை! ஆரும்..."

"நாலு மணி தொடக்கம் ஒரு பிள்ளை நிண்டு என்ர ரெலிபோனைப் பாத்துக்கொண்டிருக்குது. இந்தா."

ஒரு சின்ன இருமல். பிறகு குரல்.

"வணக்கம் அக்கா. நான் வசந்தி."

நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். நேற்று எடுத்தது, மாமன் மாற்றினது, நான் மாற்றினது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கடைக்கார அண்ணை சொன்னவர். இண்டைக்கு விடிய மாட்டை விசாரிச்சனீங்களாம்."

"பகிடி பண்ணாதையும் பிள்ளை."

"நான் மாமாட்டை நாலரை எண்டுதான் சொல்லிவிட்டனான். அக்கா, நீங்கள் கொம்பியூட்டரிலை நேரம் மாத்திற வேலையெண்டு மாமா சொன்னவர், உண்மையோ?"

"ஓம் பிள்ளை."

"மாத்த முன்னம் எந்த ஊர் நேரம் எண்டு கேக்கிறேல்லையோ?"

சின்ன வகுப்புப் படிப்பிக்கிற குரல். நான் பள்ளிக்கூட வாங்கில் ஏறி நிற்கிறமாதிரி உணர்ந்தேன். அடுத்த கிழமையே என் புரோகிராமில், ஊர்ப் பெயர் இல்லாமல் வருகிற எந்த நேரத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பப் பண்ணினேன். மொறிஸ் என்னை மெச்சினார். மெச்சினதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"அவர் எங்கை அக்கா?"

"வாறான் பிள்ளை. வந்துகொண்டிருக்கிறான்."

"காலமையும் வந்துகொண்டிருந்தவரோ?"

"அப்ப இஞ்சைதான் நிண்டவன். சேட்டெல்லாம் மினுக்கிப் போட்டுக்கொண்டு."

"ரெலிபோனுக்கோ? என்ன நிறச் சேட்டு?"

"நீலம்."

"காரைநகர் ஆள் கோட்டுப் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறார்."

சிரிக்கிறாளா, கணக்குப் போடுகிறாளா என்று பிடிபடவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல்: "பிள்ளை, பஸ்ஸிலை ஆக்கள் ஏறுகினம்." நான் ரெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு யன்னலுக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் தெரு வெள்ளைத்துணி விரித்தமாதிரிக் கிடந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சந்தியில் இரண்டு உருவம். முன்னால் குகன், கோட்டு இல்லை, வேலை ஏப்ரன் காற்றில் பறக்கிறது. பின்னால் இவர், சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி.

"சந்தியிலை வாறான் பிள்ளை! ஓடி வாறான்! ஐயோ, விழுந்திட்டான்!"

"அடி பட்டிட்டுதோ?"

அந்தக் கேள்வி வந்த வேகத்தில் பகிடி இல்லை.

"எழும்பிட்டான். வாறான். நொண்டிறான், ஆனால் வாறான்."

"மெல்ல வரச் சொல்லுங்கோ அக்கா!"

"பிள்ளை!" என்றது தகப்பன் குரல். "கண்டக்டர் கூப்பிடுறான்!"

படிகளில் தடதடவென்று சத்தம். கதவு அடிபட்டுத் திறந்தது. தலையில் பனி, கையில் உருளைக்கிழங்குத் தோல், ஒரு காலில் சப்பாத்து இல்லை. ரிசீவரை அவன் காதில் அழுத்தி, மற்றப் பக்கத்தில் என் காதையும் வைத்தேன். அக்காமாருக்கு அந்த உரிமை உண்டு.

பாடமாக்கின மூன்று வசனமும் பனிக்குள் எங்கேயோ விழுந்துவிட்டன. மூச்சு மட்டும்தான் போனது. ஹா, ஹா, ஹா என்று மூச்சு. அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஓடியோ வந்தனீங்கள்?"

"ஓ...ம்."

"எங்கையிருந்து?"

"உரு... உருளைக்கிழங்கு..."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் ஏலாமல் வந்த சிரிப்பு. அவனும் மூச்சுக்கு நடுவில் சிரித்தான், இருமல் வந்துவிட்டது.

"பிள்ளை, பஸ் வெளிக்கிடுது!"

அவள் ரெலிபோனை விட்டுத் திரும்பிச் சொன்னது எங்களுக்கு வடிவாகக் கேட்டது. "போகட்டும் அப்பா. பெரியம்மா வீட்டிலை நிண்டு நாளைக்குப் போவம்."

குகன் ரிசீவரை என் கையில் திணித்தான். கண்ணெல்லாம் தண்ணீர். "அக்கா, எனக்கு ஏலாது, நீ கதை" என்று சைகை காட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் இவர் வந்து சேர்ந்து, படியிலேயே குந்திவிட்டார்.

"பிள்ளை, குறை நினையாதையும். அவனுக்கு மூச்சு வாங்குது, ஒரு நிமிசம்..."

"மூச்சு வரட்டும் மச்சாள்," என்றாள் வசந்தி. "நான் நிக்கிறன்."